மாடு பாத்து

முதலில் ஒரு விடுகதை. புல் தின்னாத மாடு, பால் கறக்காத மாடு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத மாடு. ஆனாலும் ஒரு வீட்டுக் குக்கரைப் பரணில் ஏற்றி வைத்த மாடு. அது என்ன மாடு? பதில் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள். தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், கதை முடிவதற்குள் அந்த மாடு தானாக வந்து நிற்கும்.

பழுப்பேரியில் நிலக்கரி தோண்டுகிறார்கள். கரி ஆழத்தில் கிடக்கிறது, அதற்கு மேலே வெள்ளைக் களிமண் கிடக்கிறது, கரி வேண்டுமென்றால் களிமண்ணை அள்ளி அப்பால் கொட்டித்தான் ஆகவேண்டும், அப்படிக் கொட்டிக் கொட்டி ஊருக்கு மேற்கே ஒரு வெள்ளை மலையே எழும்பிவிட்டது. கரி தோண்ட எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் வட்டம் வட்டமாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில் சுவரோடு சுவராகக் குடியேறினார்கள், ஒரு வீட்டில் தேங்காயெண்ணெய் காயும்போது அடுத்த வீட்டில் கடுகெண்ணெய் காய்ந்தது, அதற்கடுத்த வீட்டில் கோங்குராத் துவையலுக்கு மிளகாய் வறுபட்டது, நடுத்தெருவில் நிற்கிறவனுக்கு எந்த வாசனை எந்த ஜன்னலிலிருந்து வருகிறதென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பசித்தது.

அந்த ஊரின் ஏழாம் வட்டத்தில் தையல்நாயகி இருந்தாள். கல்யாணத்துக்கு முன் விருத்தாசலத்தில் ஒரு பட்டறையில் பீங்கான் பியூஸ் கட்டைகளை அச்சில் அழுத்திக்கொண்டிருந்தவள். கல்யாணமாகிப் பழுப்பேரிக்கு வந்ததும், சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டும் கணவன் கோதண்டத்தை நச்சரித்து வெள்ளை மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் களிமண் கொண்டுவரச் செய்து, கொல்லையில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சூளை கட்டிக்கொண்டாள். பியூஸ் கட்டைக்கு வேறு முகம் கிடையாது, ஒன்று மாதிரியே அடுத்ததும் இருக்கும். அந்த அலுப்புத் தீரத் தட்டும் கிண்ணமுமாகச் செய்து தள்ளினாள்.

ஊர் மன்றத்துக்குப் பொன்விழா வந்தபோது மன்றத்தின் செயலாளர் சேஷாத்ரி சார் அவளைத் தேடி வந்தார். கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர், நெற்றியில் மெல்லிசான ஒற்றைக் கோடு, கையில் எப்போதும் குடை.

"ஒவ்வொரு ஆத்துக்கும் போய் உக்காந்துக்கோங்கோ. ஒங்களால மறக்கவே முடியாத சாப்பாடு எதுன்னு கேளுங்கோ. அதை ஒரு தட்டுல வரைஞ்சு சுட்டுக் குடுங்கோ. மன்றத்துச் சுவர் பூரா மாட்டிடலாம்" என்றார்.

"உங்களுக்கு எது சார்?"

சேஷாத்ரி சார் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். சின்ன வயதில் வெள்ளத்தில் நடுவழியில் நின்றுபோன ரயிலில், முன்பின் தெரியாத ஒருவர் தன் பொட்டலத்தைப் பிரித்துப் பாதிப் புளியோதரையை இவர் பக்கம் நகர்த்தினாராம். அவர் முகம் மறந்துவிட்டது, அந்தப் புளி மறக்கவில்லை.

தையல்நாயகி வீடு வீடாகப் போனாள். வங்காளத்திலிருந்து வந்த சுப்ரதா தீதி, மழையில் நனைந்தபடி இலீஷ் மீனைச் சணலில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்த அப்பாவைச் சொன்னாள். கோட்டயத்து வர்கீஸ், கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும் தின்றுவிட்டுத் தோணித்துறையில் உறங்கிப்போன மத்தியானத்தைச் சொன்னான். தையல்நாயகி மீனை வரையவில்லை, மீனைக் கட்டியிருந்த சணலின் ஈர முடிச்சை வரைந்தாள். மத்தியை வரையவில்லை, தோணியின் நிழலை வரைந்தாள். புளியோதரைக்கு ரயில் ஜன்னலின் கம்பிகள். சாப்பாட்டை வரைந்தால் சாப்பாடு மட்டும்தான் தெரியும், பக்கத்தில் இருந்ததை வரைந்தால் எல்லாம் வந்து சேரும் என்பது அவள் எண்ணம்.

சூளையைப் பிரித்த அன்று காலை, முதல் ஷிப்டுக்கு ஓடிக்கொண்டிருந்த கோதண்டம் கைக்கு எட்டிய தட்டில் இட்லியை வைத்துப் பிட்டு வாயில் போட்டான்.

"என்னடி இது, இட்லி மீன் மாதிரி இருக்கு?"

"மாவு புளிச்சுப் போச்சா?"

"புளிக்கலடி. நல்லாருக்கு. முள்ளுதான் இல்ல."

அப்படித்தான் தெரியவந்தது. அந்தத் தட்டுகளில் எதை வைத்தாலும், வைத்ததன் ருசி போய்ச் சொன்னவருடைய ருசி வந்தது. ரயில் ஜன்னல் தட்டில் வைத்த வெள்ளரித் துண்டு புளியோதரையானது. கோங்குராத் தட்டில் வைத்த பன் நாக்கைச் சுள்ளென்று பிடித்தது. ஏன் இப்படி என்று ஊரில் யாரும் அதிகம் ஆராயவில்லை. அத்தனை காலம் மண்ணுக்குள் சும்மா கிடந்த களிமண்ணுக்கு மனசில் நிறைய இடம் காலியாக இருந்திருக்கும் என்று கோதண்டம் சொன்னான், அது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்விகள் இருந்தன.

முதல் கேள்வி சேஷாத்ரி சாருக்கு வந்தது. சுப்ரதா தீதி வீட்டில் மரியாதைக்காகக் கொஞ்சம் தயிர்சாதம் சாப்பிட உட்கார்ந்தவர், முதல் வாயிலேயே கடுகு அரைத்து விட்ட இலீஷை ருசித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினார். குருக்கள் நிதானமாகக் கேட்டார்.

"உள்ள போனது என்ன?"

"தயிர்சாதம்தான்."

"அப்போ வயிறு சுத்தம். நாக்கை மட்டும் நன்னா அலம்பிண்டுடுங்கோ, போறும்."

அன்றிலிருந்து சேஷாத்ரி சார் வெளியே கிளம்பும்போது குடையோடு ஒரு சொம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டார். சுப்ரதா தீதி வீட்டு வழியாகப் போவது அவருக்கு வழக்கமானது.

ஆஸ்பத்திரி டாக்டர் சர்க்கரை நோயாளிகளைக் குலாப்ஜாமூன் தட்டு இருந்த வீட்டுக்கு அனுப்பினார், அவர்கள் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பாகற்காய்க்குத் தட்டுத் தேடி அலைந்தார்கள். தட்டுகள் வீடுவிட்டு வீடு இரவல் போயின, வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எல்லா ஊர்க்காரர்களும் தத்தம் ஊரில் கற்றுக்கொண்டு வந்திருந்ததால், திரும்பி வந்த ஒவ்வொரு தட்டிலும் ஒரு கைப்பிடி சர்க்கரையோ நாலு கொய்யாவோ இருந்தன. மன்றத்துச் சுவரில் வரிசையாக அடித்த ஆணிகள் அப்படியே நின்றன. தட்டைக் கழுவி ஆணியில் மாட்ட எந்த வீடும் தயாராயில்லை.

ஒரு சங்கடமும் வந்தது. வர்கீஸ் தன் தட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிட ஆரம்பித்தான். அவன் மனைவி மேரி சேச்சி புட்டு வைத்தாலும் மத்தி, பாயசம் வைத்தாலும் மத்தி. ஒரு மத்தியானம் அவள் செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தட்டில் வைத்தாள். வர்கீஸ் பாதியைத் தின்றுவிட்டு, "இன்னைக்கு மத்தி கொள்ளாம்" என்று மெச்சினான்.

"நீங்க தின்னது விளையாட்டுப் பக்கம்" என்றாள் மேரி சேச்சி. "இனிமே அடுப்பு பத்த வைக்க மாட்டேன். எதுக்கு வைக்கணும்? பழைய பேப்பர் நிறைய கிடக்கு."

வர்கீஸ் மன்னிப்புக் கேட்கப் பல நாள் ஆனது. சொந்தத் தட்டில் தினம் சாப்பிடக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஊர் அப்படித்தான் நடந்துகொண்டது.

இந்த நிலையில்தான் சோம்ரா ஓராவ் தன் மகளோடு வந்து சேர்ந்தான். ஜார்கண்டுக்காரன், சுரங்கத்தில் ஒப்பந்த வேலை, ஏழாம் வட்டத்துக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தகரக் கொட்டகையில் மற்ற ஆண்களோடு தங்கினான். மகளுக்கு ஏழு வயதிருக்கும். அவர்கள் ஊரில் பிறந்த கிழமையையே பெயராக வைப்பார்களாம், அவன் திங்கட்கிழமை பிறந்ததால் சோம்ரா, அவள் ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் எத்வாரி. "அப்பன் திங்கள், பொண்ணு ஞாயிறு, அப்போ பொண்ணுதான் மூத்தவ" என்று கோதண்டம் கேலி செய்தான். சோம்ராவுக்கு அப்போது தமிழ் புரியவில்லை, சிரித்தான். எத்வாரி சிரிக்கவில்லை.

அவளுடைய அம்மா அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அதிலிருந்து எத்வாரி சரியாகச் சாப்பிடுவதில்லை. தண்ணீர் குடிப்பாள், பிஸ்கட்டின் ஓரத்தைக் கடிப்பாள், அவ்வளவுதான். சோம்ரா ஷிப்டுக்குப் போகும்போது அவளைச் சுவருக்கு மேலாகத் தூக்கி இந்தப் பக்கம் தையல்நாயகியிடம் விட்டுவிட்டுப் போவான். இறக்கி வைக்கும்போதெல்லாம் அவள் எடை குறைந்துகொண்டு வந்தது தையல்நாயகியின் கைக்குத் தெரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? எல்லா வீட்டிலிருந்தும் தட்டுகள் வந்தன. சுப்ரதா தீதி இலீஷ் தட்டில் ஒரு விள்ளல் பழம் வைத்து ஊட்டினாள், மேரி சேச்சி தோணித் தட்டைக் கொண்டுவந்தாள், சேஷாத்ரி சார் ரயில் ஜன்னலில் பொரியை வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு வாய், கண்ணு, ஆ காட்டு" என்று குடையைப் போல விரிந்தும் மடங்கியும் கெஞ்சினார். எத்வாரி ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கை மரியாதைக்கு நாக்கில் வைத்தாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் மெதுவாகத் தள்ளிவைத்தாள். ஊரே சந்தோஷமாகத் தின்ற ருசிகள்தான், ஆனால் அவற்றில் ஒன்றுகூட அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் படுக்கவைத்துக் குளுக்கோஸ்தான் ஏற்ற வேண்டும் என்றாள். சோம்ரா ஒரு முடிவுக்கு வந்தான். சனிக்கிழமை அவனுடைய ஊர்க்காரர்கள் சிலர் திரும்பிப் போகிறார்கள், அவர்களோடு மகளை ரயிலேற்றி அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அண்ணன் வீட்டில் ஏற்கெனவே நிறையப் பிள்ளைகள். ஒரு பிள்ளை சாப்பிடாமல் படுத்தால் அங்கே யார் கவனிப்பார்கள் என்று சுப்ரதா தீதி இந்தியில் கேட்டபோது, சோம்ரா குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தான்.

மறுநாள் தையல்நாயகி எத்வாரியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கையில் ஒரு உருண்டைக் களிமண் கொடுத்தாள். பேசவில்லை. தன்பாட்டுக்குத் தட்டை அச்சில் அழுத்திக்கொண்டிருந்தாள். எத்வாரி களிமண்ணைப் பிசைந்தாள், நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்தாள், விரல் இடுக்கில் வெள்ளையாக ஒழுகும் அந்தக் கரைசலைப் பார்த்தபடி, யாருக்கும் சொல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல முணுமுணுத்தாள்.

"மாட் பாத்."

தையல்நாயகியின் கை நின்றது. "என்னம்மா சொன்ன?"

"மாட் பாத்" என்றாள் எத்வாரி.

மாடு பாத்து! தையல்நாயகியின் காதில் அப்படித்தான் விழுந்தது. புரியாத சொல்லாக இருந்தால் யாரையாவது கூப்பிட்டு அர்த்தம் கேட்டிருப்பாள். இது புரிந்த சொல்லாக இருந்தது, புரிந்த சொல்லுக்கு யார் அர்த்தம் கேட்கப் போகிறார்கள்? சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, அதோ பார் மாடு, அதோ பார் காக்கா என்று வேடிக்கை காட்டி, பிள்ளை வாயைப் பிளக்கிற நேரத்தில் ஒரு உருண்டையை உள்ளே தள்ளாத அம்மா அந்தத் தெருவில் ஒருத்திகூடக் கிடையாது. தையல்நாயகியே மாடு பார்த்துத்தான் வளர்ந்தவள்.

"பாத்தீங்களா, அதுக்குள்ள தமிழ் பேசுது" என்று வட்டம் முழுக்கச் செய்தி போனது. "அவங்க அம்மா மாடு காட்டித்தான் ஊட்டியிருக்கா. பாவம், யாரும் மாடு காட்டல, அதான் புள்ள சாப்பிடல."

ஷிப்டு முடிந்து வந்த சோம்ராவிடம், உன் மகள் மாட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற வழக்கமா என்று சுப்ரதா தீதி கேட்டாள். அவன் கல்யாணமான நாளிலிருந்து ஊர் ஊராக வேலைக்குப் போனவன், மகள் சாப்பிடும் நேரத்தில் வீட்டில் இருந்ததே அபூர்வம். "இருக்கலாம்" என்றான். "பக்கத்து வீட்டில் ஒரு மாடு இருந்தது."

தையல்நாயகி அன்றே ஒரு தட்டில் மாடு வரைந்தாள். நீலக் கோட்டில், கழுத்தைத் திருப்பி நம்மையே பார்க்கிற மாடு. இதுவரை செய்ததிலேயே அழகான தட்டு அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். சூளையிலிருந்து எடுத்து ஆறவைத்து, ஒரு கரண்டிச் சோறு போட்டு, முதலில் அவளே ஒரு வாய் தின்று பார்த்தாள். சோறு சோறாகவே இருந்தது. வெல்லத்தை வைத்தாள், வெல்லமாகவே இருந்தது. உப்புக்கல், உப்பாகவே இருந்தது.

"வேலை செய்யல" என்றாள்.

"நிஜ மாட்டைக் காட்டுனாத்தானே" என்றான் கோதண்டம். "படத்து மாடு போதுமா?"

உடனே பச்சைவாழிக்கு ஆள் போனது. பச்சைவாழி ஏழாம் வட்டத்துக்குப் பால் ஊற்றுகிறவள். அவளுடைய மாட்டுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர், தினமும் வீடு வீடாக நின்று கழுநீர் வாளிக்குள் தலையை விட்டுச் சோதனை போடாமல் நகராது என்பதால் வந்த பெயர். வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டரம்மா மஞ்சள் பூசி, கொம்பில் சாமந்தி சுற்றி, தையல்நாயகி வீட்டு வாசலில் வந்து நின்றது. அது போதாது என்று மூன்றாம் வட்டத்திலிருந்து ஒரு கன்றுக்குட்டி வந்தது, சேஷாத்ரி சார் காமதேனு போட்ட காலண்டரோடு வந்தார், வர்கீஸ் தலையில் இரண்டு வாழைப்பழத்தைக் கட்டிக்கொண்டு நாலு காலில் வந்தான். மேரி சேச்சி, "அது மாடு இல்ல மோளே, எருமை" என்றாள், தெரு முழுக்கச் சிரித்தது.

எத்வாரி படியில் உட்கார்ந்து எல்லா மாட்டையும் பார்த்தாள். மடியில் மாட்டுத் தட்டு, அதில் நெய்யும் பருப்பும் பிசைந்த சோறு. தையல்நாயகி ஒரு உருண்டை உருட்டி, "அதோ பாரு, மாடு பாத்து, மாடு பாத்து, ஆ" என்றாள். எத்வாரி மாட்டைப் பார்த்தாள். தையல்நாயகியைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவராகச் சிரிப்பு அடங்கியது. மறுநாள் சனிக்கிழமை.

அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தாகம் எடுத்தது. பச்சைவாழி பக்கத்துத் தெருவிலிருந்த தன் வீட்டுக்குப் போய், சோறு வடித்து வெதுவெதுப்பாக ஆறியிருந்த கஞ்சியை வாளியோடு தூக்கி வந்து மாட்டின் முன்னால் வைத்தாள். கஞ்சியிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. எத்வாரியின் மூக்கு அசைந்தது. மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள், எழுந்தாள், நேராக நடந்து, மாட்டின் முகத்தைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வாளிக்குள் கையை விட்டாள்.

"ஐயையோ, அது மாட்டு வாளிடீ!" என்று பச்சைவாழி கத்தினாள். நாலு பேர் ஓடிவந்து அவளைப் பிடித்து இழுத்தார்கள். எத்வாரி முதல் முறையாகக் குரலெடுத்து அழுதாள். வாளியைக் காட்டி, காலை உதைத்து, "மாட்! மாட்!" என்று அலறினாள். மாடு ஒரு பக்கம் நின்றது. அவள் விரல் நீட்டியது மாட்டை அல்ல.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த சுப்ரதா தீதி தலையில் கைவைத்தாள். "மாடு இல்ல, நாயகி! மாட்! மாட்! இவங்க பாஷையில அது, அது வந்து, ஃபேன்!"

எல்லோரும் நிமிர்ந்து மின்விசிறியைத் தேடினார்கள். தெருவில் ஏது மின்விசிறி?

"ஐயோ, அந்த ஃபேன் இல்ல. எங்க ஊர்ல ஃபேன்னா இது" என்று சுப்ரதா தீதி வாளியைக் காட்டினாள். "சோறு வடிச்ச தண்ணி. இவங்க அதை மாட்னு சொல்வாங்க. பாத்னா சோறு. சோத்துல அந்தத் தண்ணியை ஊத்தி, உப்புப் போட்டு. அதுதான் கேக்குது குழந்தை. மாட் பாத்!"

தையல்நாயகி உருட்டிய உருண்டையைத் தட்டில் திருப்பிப் போட்டாள்.

"கஞ்சியா?" என்றாள் பச்சைவாழி. "அட, வெறும் வடிகஞ்சியா? அதைத்தானே தெனம் இதுக்கு ஊத்துறேன்."

அப்புறம் ஒரு பெரிய தேடல் நடந்தது. ஏனென்றால் ஏழாம் வட்டத்தில் எல்லா வீட்டிலும் குக்கர், குக்கர் சோற்றுக்கு வடிக்கக் கஞ்சி கிடையாது, தையல்நாயகி வீட்டிலும் குக்கர்தான். பச்சைவாழியின் பானையில் கஞ்சி தீர்ந்துவிட்டது. கடைசியில் பரணிலிருந்து தையல்நாயகியின் கல்யாணச் சீர்ப்பானையை இறக்கி, குக்கரை அந்த இடத்தில் ஏற்றி வைத்துவிட்டு, உலை வைத்தார்கள். அரிசி வெந்து குழையக் குழையத் தெருவே சமையலறை ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சோறும் கஞ்சியுமாகக் கைக்குக் கிடைத்த தட்டில் ஊற்றினார்கள். கைக்குக் கிடைத்தது மாட்டுத் தட்டு. எத்வாரி உப்பை அவளே போட்டுக்கொண்டாள். தின்றாள். கஞ்சி வற்றியதும் அடியிலிருந்து நீல மாடு வெளியே வந்து அவளையே பார்த்தது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தரம் வாங்கித் தின்றாள்.

"பாத்தியா, மாடு பாத்துச் சாப்பிடுது" என்றான் கோதண்டம். யாரும் அவனை அடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் எத்வாரி சுப்ரதா தீதி வழியாகச் சொன்னதைத் தையல்நாயகி சரியாகக் கேட்டுக்கொண்டாள். அம்மா பானையைச் சாய்த்து, சேலைத் தலைப்பால் மூடியைப் பிடித்துக்கொண்டு மாட் வடிப்பாள். எத்வாரியின் வேலை, சால் மரத்து இலையில் உப்பை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது. வேறொன்றுமில்லை. தையல்நாயகி கைவசம் இருந்த தட்டில் ஒரு இலையை வரைந்தாள், இலையின் நடுவில் ஒரு சிட்டிகை உப்பு, விளிம்பில் சின்ன விரல் நுனிகள். சூளை மூட்டினாள்.

சனிக்கிழமை காலை தட்டு ஆறியிருந்தது. சோம்ரா மகளின் துணி மூட்டையோடு வந்தான். தையல்நாயகி உப்பிலைத் தட்டில் ஒரு காய்ந்த சப்பாத்தித் துண்டை வைத்து அவனிடம் நீட்டினாள். அவன் வாயில் போட்டு மென்றான். மெல்லுவது நடுவில் நின்றது. இந்தியில் ஏதோ சொன்னான்.

"உப்பு கம்மியாம்" என்றாள் சுப்ரதா தீதி. "எத்வாரியோட அம்மா எப்பவுமே உப்பு கம்மியாத்தான் போடுவாளாம்."

சோம்ரா தட்டைத் துடைத்தான், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு தையல்நாயகியிடம், ஷிப்டில் கற்றுக்கொண்ட அரைகுறைத் தமிழில் சொன்னான். "அக்கா, ரொம்ப நல்லது செஞ்சே. இப்போ பயம் இல்ல. அண்ணன் வீட்டுல எது குடுத்தாலும் சாப்பிடும். தட்டு இருக்கு."

அவன் சொன்னது உண்மை. அந்தத் தட்டு இருந்தால் எத்வாரிக்கு யாரும் உலை வைக்க வேண்டாம், வடிக்க வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம். நேற்றைய ரொட்டியைப் போட்டாலும் போதும், ஒன்றும் போடாமல் ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டாலும் போதும், பிள்ளை வாயைத் திறந்து தின்றுவிடும், அது என்ன தின்கிறது என்று பார்க்கவும் யாருக்கும் தோன்றாது. மேரி சேச்சி கிழித்த விளையாட்டுப் பக்கம் அவள் ஞாபகத்துக்கு வந்தது. தன் கையாலேயே அந்தத் தட்டைச் செய்திருக்கிறோமே என்றும் வந்தது.

"சோம்ரா, புள்ள இங்கேயே இருக்கட்டுமே. நீ ஷிப்டுக்குப் போறப்ப நான் பாத்துக்க மாட்டேனா?" என்றாள்.

"கொட்டகைல எல்லாம் ஆம்பளைங்க. நீ எத்தனை நாள் பாப்பே, அக்கா?"

எத்தனை நாள் என்று யாரால் சொல்ல முடியும்? தையல்நாயகி உள்ளே போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த மாட்டுத் தட்டை எடுத்து வந்தாள். அதில் எதை வைத்தாலும் வைத்ததுதான் இருக்கும். யாராவது பானை ஏற்றினால்தான் அதில் சோறு வரும், யாராவது மறந்தால் அது வெறும் தட்டு. உப்பிலைத் தட்டைச் சோம்ராவின் கையிலிருந்து வாங்கி, இரண்டையும் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பயணத்துக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணை மன்றத்துல மாட்டிக்கிறோம். அங்க ஆணி காலியாத்தான் இருக்கு. எது வேணும்னு அவளையே கேளு, தீதி."

சுப்ரதா தீதி கேட்டாள். தெருமுனையில், ரயிலுக்குப் போகிறவர்களை ஏற்ற வந்த வேன்காரன் ஹாரன் அடித்தான். உள்ளே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பச்சைவாழி மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றியபடி நின்றாள், சேஷாத்ரி சார் குடையை மடக்கியவர் விரிக்கவில்லை.

எத்வாரி உப்பிலைத் தட்டை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். மாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு, உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.